பலாப்பழத்தில் டீ!

உலர்ந்த பழமும் வெந்நீரும் இருந்தால் வீட்டிலேயே போடலாம்

பலாப்பழத்தில் டீ போடலாம் என்றால், "இது என்ன வேடிக்கை?" என்று கேட்பீர்கள்.

வேடிக்கை அல்ல. உண்மைதான்.

பலாச்சுளை மட்டும் அல்ல. மாம்பழம், கொய்யா, அன்னாசி, நெல்லிக்காய் எல்லாவற்றிலும் மணக்க மணக்கப் பானம் தயாரிக்கலாம். பால் தேவை இல்லை. சர்க்கரையும் அநேகமாகத் தேவைப்படாது. வேண்டியவை இரண்டே பொருள்கள். ஒன்று, நன்றாக உலர்ந்த பழம். மற்றொன்று, கொதிக்கிற தண்ணீர்.

இந்தப் பானம் பட்டணத்துக் கடைகளில் அழகான டப்பாக்களில் விற்கிறது. விலையோ அதிகம். ஆனால் அதற்கு வேண்டிய பழம் விளைவது எங்கே? நம் ஊர்த் தோட்டங்களில்தான்!

செம்மண் பூமி

புதுக்கோட்டை என்றால் பொட்டல் காடு என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பது உண்டு. அவர்கள் ஆலங்குடிப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். வடகாடு, மாங்காடு, அணவயல், கீரமங்கலம், கொத்தமங்கலம் என்று வரிசையாக ஊர்கள். செம்மண் பூமி. பலா, மா, வாழை, தென்னை என்று எங்கு பார்த்தாலும் பசுமை. பூந்தோட்டங்களும் உண்டு.

பங்குனி பிறந்தால் பலா வரத் தொடங்கும். ஆனி, ஆடி வரை வரும். அந்த நாட்களில் சாலையில் போகிறவர்களை மூக்குதான் நிறுத்தும்!

இங்கேதான் தொல்லையும் இருக்கிறது. பலா பழுத்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காது. சில நாட்களில் குழைந்துவிடும். ஒரு தோட்டத்தில் பழுக்கும்போது பக்கத்துத் தோட்டத்திலும் பழுக்கிறது. சந்தையில் பழம் குவிகிறது. விலை சரிகிறது. "இன்று விற்காவிட்டால் நாளை மாட்டுக்குத்தான்" என்ற நிலையில் விவசாயி பேரம் பேச முடியுமா? வாங்குகிறவர் சொன்னதுதான் விலை.

2018 நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை ஏறியது. புதுக்கோட்டை மாவட்டத்துக்குள்ளும் புகுந்து சுழன்று அடித்தது. தாத்தா வைத்த பலா, அப்பா வைத்த மா, பிள்ளை வைத்த தென்னை எல்லாம் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. தென்னைக்குக் கணக்கு எழுதிவிடலாம். முற்றிய பலா மரத்துக்கு என்ன கணக்கு எழுதுவது? ஒட்டுக் கன்று வைத்தாலே காய்க்க நாலைந்து வருடம் பிடிக்கும். கொட்டை போட்டு வளர்த்தால் இன்னும் கூடுதல்.

ஆகவே, இன்று நிற்கிற மரத்தின் பழம் வீணாகிறது என்றால் அது சின்ன நஷ்டம் அல்ல. பழத்தை உலர்த்தி வைப்பது எப்படி என்பது வெறும் சமையல் குறிப்பு அல்ல. ஒரு தோட்டத்தின் வருமானம் பற்றிய பேச்சும் ஆகும்.

கற்பூரம் காட்டும் வழி

பழம் ஏன் கெடுகிறது? அதில் உள்ள தண்ணீரால்தான். ஒரு கிலோ பலாச்சுளையில் ஏறக்குறைய முக்கால் கிலோ தண்ணீர். மாம்பழத்திலும் கொய்யாவிலும் அதைவிடச் சற்று அதிகம். தண்ணீர் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் பூஞ்சைகளும் குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும். தண்ணீரை எடுத்துவிட்டால் அவற்றுக்கு வாழ வழி இல்லை.

இது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான். மாங்காய் வற்றல், சுண்டைக்காய் வற்றல், நெல்லி வற்றல் என்று மொட்டை மாடியில் பாய் விரித்துக் காயப் போட்டார்களே, அது வேறு என்ன?

ஆனால் வெயிலில் ஒரு குறை உண்டு. சூட்டில் பழம் சுருங்குகிறது, கறுக்கிறது. மணத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடுகிறது. "சி" வைட்டமினிலும் பெரும் பங்கு அழிந்துவிடுகிறது.

சூடு காட்டாமல் பழத்தை உலர்த்த முடியுமா? முடியும்! உறைய வைத்து உலர்த்துவது என்பது அதுதான்.

பூஜை மாடத்தில் ஒரு கற்பூரக் கட்டியைத் திறந்து வையுங்கள். சில நாளில் அது சிறுத்துப் போகும். பிறகு காணாமலே போகும். அது உருகித் தண்ணீராக ஓடவில்லை. கட்டியாக இருந்தது, நேரே காற்றில் கலந்துவிட்டது.

ஐஸ் கட்டியையும் இதே போலப் போகச் செய்யலாம். அதற்குச் சுற்றி உள்ள காற்றை இழுத்து வெளியேற்ற வேண்டும். முதலில் பழத்துண்டுகளைக் கடுங்குளிரில் வைத்துக் கல்லாக உறைய வைக்கிறார்கள். இந்தக் குளிர் சைபருக்குக் கீழே 40 டிகிரி வரை கூடப் போகும். பிறகு எந்திரத்தின் அறையிலிருந்து காற்றைப் பம்பு வைத்து இழுத்துவிடுகிறார்கள். இலேசாக வெதுவெதுப்புக் காட்டுகிறார்கள். பழத்துக்குள் இருக்கும் ஐஸ், தண்ணீராக உருகாமலே ஆவியாகிப் போய்விடுகிறது. ஒரு தடவை உலர்த்தி முடிக்க ஒரு நாள் ஆகும். பழம் கெட்டியானதாக இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும்.

முடிவில் கிடைப்பது என்ன? அதே வடிவம், அதே நிறம். எடை மட்டும் பஞ்சு. வாயில் போட்டால் அப்பளம் போல நொறுங்கும். ஐஸ் இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகள். வெந்நீர் பட்டதும் அந்தத் துளைகளுக்குள் பாய்ந்து மணத்தையும் நிறத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. டீ போடுவதற்கு இந்தப் பழம் பொருத்தமாக இருப்பதன் ரகசியம் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது.

இந்த வித்தையை மனிதன் ஆய்வுக்கூடத்தில் கற்கவில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாசிகள் பல நூற்றாண்டுகளாகவே உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய விடுகிறார்கள். பகல் வெயிலில் மிதித்துக் காய வைக்கிறார்கள். அந்தக் கிழங்கு வருடக் கணக்கில் கெடாது. 1906-ல் பாரிஸ் நகரில் ஆர்சன்வால், போர்தா என்ற இரு விஞ்ஞானிகள் காற்றை இழுக்கும் முறையை எழுதி வெளியிட்டார்கள். இரண்டாவது உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வேண்டிய ரத்த நீரும் பெனிசிலின் மருந்தும் இந்த முறையில் உலர்த்தப்பட்டுக் கப்பல் ஏறின. 1960-களில் காப்பித் தூள் வந்தது. இப்போது நம் வீட்டு அலமாரிக்குப் பழம் வந்திருக்கிறது!

"எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் ஐஸ் பெட்டி இருக்கிறதே, அதில் வைத்தால் உலராதா?" என்று கேட்கலாம். உறையும், உலராது. காற்றை இழுக்க அங்கே பம்பு இல்லை. எந்திரத்தின் விலையோ லட்சக் கணக்கில். தனிக் குடும்பம் வாங்கக்கூடியது அல்ல. பெண்கள் சுய உதவிக் குழுக்களும் விவசாயிகள் கூட்டு நிறுவனங்களும் யோசிக்கலாம். பக்கத்திலேயே தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஆலங்குடி அருகே வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பழம் பதப்படுத்துவது பற்றி விவரம் கேட்க வெகுதூரம் போக வேண்டியது இல்லை.

எழுத்தைப் படித்து வாங்குங்கள்

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. வயது வந்த பெண்கள் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றார்கள். சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அன்று கற்ற எழுத்து இன்று கடையில் பயன்படும்.

பழ டப்பாவைக் கையில் எடுத்ததும் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள்.

"பிரீஸ் டிரைடு" என்று இருந்தால் அது உறைய வைத்து உலர்த்திய பழம். "டிஹைட்ரேட்டடு" என்று இருந்தால் பெரும்பாலும் சூடான காற்றில் உலர்த்தியது. அதிலும் டீ வரும். ஊறுவதற்கு நேரம் கூடுதல். "வாக்குவம் பிரைடு" என்று இருந்தால் ஜாக்கிரதை! அது எண்ணெயில் பொரித்தது. வெந்நீரில் போட்டால் மேலே எண்ணெய் மிதக்கும். பலாச்சுளை சிப்சில் இந்த ரகம் நிறைய வருகிறது.

சேர்ந்துள்ள பொருள்களின் பெயர்களையும் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். முதல் இரண்டு பெயர்களில் ஒன்று சர்க்கரையாக இருந்தால், அது பழமிட்டாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவுத் தர ஆணையத்தின் 14 இலக்க லைசென்ஸ் எண்ணும் கெடு தேதியும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

டீ போடும் முறை

கண்டிப்பாகப் பேசினால், தேயிலை இல்லாத பானத்தை டீ என்று சொல்லக் கூடாது. பழ ஊறல் என்று சொல்லலாம். ஆனால் "ஊறல்" என்ற சொல்லுக்குப் போலீஸ் பாஷையில் வேறு அர்த்தம் இருக்கிறது! ஆகவே பழ டீ என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு டம்ளருக்கு, அதாவது 200 மில்லி தண்ணீருக்கு, நொறுங்கிய பழம் ஒரு மேசைக் கரண்டி குவியலாக வேண்டும். பெரிய துண்டாக இருந்தால் கையால் நொறுக்கிக்கொள்ளுங்கள். தூளாக்கிவிடாதீர்கள், கலங்கிப்போகும்.

தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு இறக்குங்கள். அரை நிமிஷம் பொறுத்துப் பழத்தின் மேல் ஊற்றுங்கள். உடனே மூடுங்கள். மூடுவதுதான் முக்கியம். மூடாவிட்டால் மணம் எல்லாம் சமையலறைக்கு. உங்களுக்கு வெறும் வெந்நீர்.

எட்டு முதல் பத்து நிமிஷம் ஊறட்டும். பிறகு வடிகட்டிக் குடிக்கலாம். பழத்தை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். அப்படிச் செய்தால் உறைய வைத்து உலர்த்திய பலனே போய்விடும்.

எந்தப் பழம் நன்றாக இருக்கும்? புளிப்புள்ள பழம்தான் முதலிடம். அன்னாசியும் நெல்லியும் தனியாகவே நிற்கும். மகாபலேசுவரம் மலையில் விளையும் ஸ்டிராபெரியும் கடையில் உலர்ந்து கிடைக்கிறது. நிறம் அழகாக இறங்கும். மாம்பழம் இனிமை தரும். பலா? உள்ளூர்ப் பழம் என்பதற்காகப் பொய் சொல்லக் கூடாது. பலா தனியாக இருந்தால் வாசனை தூக்கலாகவும் ருசி மந்தமாகவும் இருக்கும். அதற்குத் துணை வேண்டும். நாலு துண்டு பலாவுக்கு ஒரு துண்டு அன்னாசி போடுங்கள். அல்லது வடிகட்டிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். ஒரு சிட்டிகை சுக்குத் தூளும் சேர்ந்தால், பானகமும் பலாப்பழமும் சம்பந்தம் செய்துகொண்டது போல இருக்கும்!

நிறம் வேண்டும் என்றால் காய்ந்த செம்பருத்தி இதழ் இரண்டு போடலாம். கூடவே ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நிறம் பளிச்சென்று சிவக்கும். குழந்தைகளுக்கு இது ஒரு மாஜிக்!

கோடையில் வெந்நீர்தான் வேண்டும் என்பது இல்லை. பானைத் தண்ணீரில் பழத்தைப் போட்டு நாலு மணி நேரம் மூடி வையுங்கள். ருசி மெதுவாக இறங்கும். சூடு படாததால் "சி" வைட்டமினும் அவ்வளவாக அழியாது. காய்ச்சி ஆற வைத்த தண்ணீராக இருக்க வேண்டும். அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

தேயிலையும் சேரலாம்

"டீ என்றால் தேயிலை இல்லாமலா?" என்பவர்களுக்கும் வழி உண்டு.

புதுக்கோட்டைச் சீமைக்கும் தேயிலைக்கும் பழைய உறவு. தேயிலை நம் மண்ணில் விளையாது. ஆனால் நம் மனிதர்கள் தேயிலையை விளைவித்தார்கள். 19-வது நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். தொண்டியிலும் அம்மாபட்டினத்திலும் படகு ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்தார்கள். முதலில் காப்பித் தோட்டம். 1869-ல் காப்பிச் செடியை நோய் தாக்கியது. பிறகு மலை எல்லாம் தேயிலை ஆயிற்று. இன்று நாம் போடும் ஒரு கரண்டித் தேயிலைக்குப் பின்னால் அப்படி ஒரு நடைப்பயணம் இருக்கிறது.

பழத்தையும் தேயிலையையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள். பழத்துக்குப் பத்து நிமிஷம் வேண்டும். தேயிலைக்கு மூன்று நிமிஷம் போதும், கூடினால் கசக்கும். ஆகவே பழத்தை முதலில் ஊற விடுங்கள். கடைசி மூன்று நிமிஷத்தில் தேயிலையைப் போட்டு உடனே வடிகட்டுங்கள். தண்ணீர் அதற்குள் சற்று ஆறியிருக்கும். அதனால் பாதகம் இல்லை, கசப்பு குறையும்.

பால் மட்டும் ஊற்றாதீர்கள். புளிப்புப் பட்டால் பால் திரிந்துவிடும்.

வெயிலில் உலர்த்த

எந்திரப் பழம் விலை கட்டாது என்றால் வெயில் இருக்கவே இருக்கிறது. மணம் சற்றுக் குறையும். மோசமாக இருக்காது.

பழுத்தும் குழையாத பழமாகப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் தடிப்பு இல்லாமல் சீவுங்கள். பலாச்சுளையைக் கொட்டை நீக்கி நாலாகக் கிழித்தால் போதும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு எடுத்தால் அதிகம் கறுக்காது. மூங்கில் தட்டில் ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே மெல்லிய வெள்ளைத் துணியால் மூடுங்கள். ஈ வரக் கூடாது. பனி இறங்குவதற்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். மூன்று நான்கு நாள் நல்ல வெயில் வேண்டும். கொத்தமங்கலத்துச் சித்திரை வெயிலுக்கு அவ்வளவு கூடத் தேவைப்படாமல் போகலாம்!

மடித்தால் பிசுபிசுப்பு இல்லாமல் தோல் வார் போல இருந்தால் பதம். நெல்லிக்காய் கல் போல் ஆக வேண்டும். உப்புப் போட்ட வற்றல் டீக்கு ஆகாது. வெயிலில் காய்ந்த பழத்துக்குத் துளைகள் இல்லை. ஆகவே பொடியாக நறுக்கிப் போட்டு, கால் மணி நேரம் ஊற விட வேண்டும்.

மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். உறைய வைத்து உலர்த்திய பழத்துக்கு இது இன்னும் அவசியம். காற்றில் உள்ள ஈரத்தை அது ஆவலோடு குடிக்கும். மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் திறந்து வைத்தால் விரைவில் நமுத்துவிடும். வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடி எடுத்துச் சிறு துணியில் முடிந்து உள்ளே போட்டால் ஓரளவு ஈரத்தை இழுக்கும். ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்தாலும் புட்டி முழுவதையும் கொட்டிவிடுங்கள். மேலே உள்ளதை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது ஆபத்து.

யார் கவனிக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை இருப்பதாக 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கு சொல்கிறது. சாப்பாட்டோடு தேயிலை டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச் சத்து சரியாக உடலில் சேராது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். செம்பருத்தி போட்ட பானத்துக்கும் இதே இடைவெளி நல்லது. சாப்பாட்டு வேளையில் எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லியோ புதிதாகச் சேர்ப்பது நேர்மாறான பலனைத் தரும். இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும்.

நீரிழிவு உள்ளவர்கள் வடிகட்டிய பானத்தைச் சர்க்கரை போடாமல் அளவோடு குடிக்கலாம். ஊறிய பழத்தை முழுவதும் தின்றுவிடக் கூடாது. தண்ணீர் போனாலும் பழத்தின் சர்க்கரை போகவில்லை. உலர்ந்த பலாவில் அதன் எடையைப் போல் ஏறக்குறைய நாலு மடங்கு எடையுள்ள சுளையின் இனிப்பு இருக்கிறது. ஆவாரம்பூ போட்ட டீ சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அது விபரீதம். மாத்திரை மாத்திரைதான்; டீ டீதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பழ டீ குடிக்க வேண்டாம். தேன் கலந்த பானத்தை ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

மற்றவர்களுக்குத் தடை இல்லை. மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்குக் கலர் சோடாவுக்குப் பதில் ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள். வடிகட்டியில் தங்கிய பழத்தையும் எறிய வேண்டாம். அன்னாசியும் மாம்பழமும் ஊறி மெத்தென்று இருக்கும். தயிரில் போட்டு, ஒரு மிளகாய் கிள்ளித் தாளித்தால் மறுவேளைக்குப் பச்சடி ஆயிற்று.